இடுப்பு வரை இருக்கும் நெளி முடியை பாப் கட் ஆக்கலாமா? (பழைய ஸ்மூத்தனிங், போர் தண்ணி, ஹெல்மெட்)

வேளச்சேரி_வெண்பா:

முன் நெற்றியில ஆரம்பிச்சு தலையை ஒட்டி டேப் வச்சா 32 அங்குலம், இடுப்பைத் தொடுது. அடர்த்தி ஜாஸ்தி. வேர்ப்பக்கம் நெளி; கீழ்ப்பக்கம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பண்ணின ஸ்மூத்தனிங் (மருந்து போட்டு முடியை நேராக்கறது) இன்னும் நேரா நிக்குது. நாடிக்கும் தோளுக்கும் நடுவுல வர்ற மாதிரி வெட்டணும்னு ஆசை. வீட்டுல போர் தண்ணி. தினமும் ஓஎம்ஆர் வரைக்கும் ஸ்கூட்டி, ஹெல்மெட்.

ஒரே தடவையில வெட்டிடலாமா, இல்ல கொஞ்சம் கொஞ்சமாவா? பார்லர்ல என்னன்னு சொல்லிக் கேக்கறது? வெட்டின முடியைத் தானம் குடுக்கணும்னா முன்கூட்டி என்ன செய்யணும்? குட்டை முடின்னா வேலையே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா?

---

கத்தரியும்_சீப்பும்:

முதல்ல ஒரு கணக்கு போட்டுடலாம். தலைமுடி மாசத்துக்கு சுமார் அரை அங்குலம் வளரும். ரெண்டு வருஷத்துக்கு 12 அங்குலம். அப்ப வேர்லேருந்து 12 அங்குலம்தான் உங்க சொந்த முடி, மீதி 20 அங்குலம் மருந்து போட்டது. நடு வகிட்டுலேருந்து நாடி வரைக்கும் தொங்க 10, 11 அங்குலம் வேணும். காலர் எலும்பு வரைக்கும்னா 14, 15.

நாடி அளவுக்கு வெட்டினா ஸ்மூத்தனிங் பண்ணினது மொத்தமா போயிடும். தலை முழுக்க நெளி. காலர் எலும்புல நிறுத்தினா மேல் அடுக்குல மட்டும் நுனி ரெண்டு மூணு அங்குலம் நேரா தொங்கும், உள்ளே பிடரி முடி முழுக்க நெளியா இருக்கும். பார்லர்ல ட்ரையர் போட்டு அனுப்பினப்ப நல்லாத்தான் தெரியும். வீட்டுல முதல் தடவை தலைக்குக் குளிச்சதும் "என்னமோ இடிக்குதே"ன்னு தோணும். வெட்டினவங்க மேல பழி போடுவோம், ஆனா காரணம் பழைய மருந்து.

அதனால போட்டோவைக் காட்டறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. தலைக்குக் குளிச்சதும் காதுக்குப் பின்னாடி ஒரு கொத்து எடுத்து, வேர்லேருந்து 10 அங்குலத்துல ஒரு சின்ன ரப்பர் பேண்ட் போடுங்க. ட்ரையர் வேண்டாம், சீப்பு வேண்டாம், தானா காயட்டும். காஞ்சதும் இழுக்காம அந்த ரப்பர் பேண்ட் வரைக்கும் அளந்து பாருங்க. 9 வந்தா லேசான நெளி. 8, ஏழரைன்னு சுருங்கினா, ஈரத்துல நாடிக்கு வெட்டினது காஞ்சதும் வாய் மட்டத்துக்கு ஏறிடும். ஈர முடி நீளும், இழுத்துப் பிடிச்சு சீவினா இன்னும் நீளும். "சொன்னதை விடக் குட்டையா வெட்டிட்டாங்க"ங்கற புகார்ல பாதி இங்கேருந்துதான் வருது.

ஒரே தடவையா, படிப்படியாவான்னு கேட்டா: ஒரே நாள்ல, ஆனா மூணு கட்டமா. முதல்ல காஞ்ச முடியில பெரிய நீளத்தை எடுத்துடணும், வேணும்ங்கற அளவுக்கு மேல ஒன்றரை ரெண்டு அங்குலம் மிச்சம் வச்சு. அப்புறம் அலசி, ஈரத்துல அடிக்கோடு (பாப்போட கீழ் ஓரம்) போடணும். அதையும் ஒரு அங்குலம் நீளமாவே நிறுத்தி, முழுசா காயவச்சு, காஞ்ச முடியில கடைசி அளவு. இந்தக் கடைசி வேலையைத்தான் கூட்ட நேரத்துல விட்டுடுவாங்க. சனி ஞாயிறு போகாதீங்க. செவ்வாய், வெள்ளி முடி வெட்டக் கூடாதுன்னு பல வீட்டுல பார்க்கறதால அன்னிக்கு பார்லர் காலியா இருக்கும். வீட்டுல ஆட்சேபம் இல்லைன்னா அதுதான் நல்ல நாள், இல்லைன்னா புதன் காலை.

அடிக்கோடு எப்படிப் போடறாங்கன்னு நாற்காலியில உக்காந்தே கவனிக்கலாம். நெற்றியிலேருந்து பிடரி வரைக்கும் ஒரு வகிடு, காதுக்குக் காது ஒரு வகிடு, நாலு பாகமா கிளிப் போடணும். பிடரியில ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மெல்லிசா ஒரு அடுக்கு இறக்கி, தலையை லேசா குனிய வச்சு, முடியைத் தூக்காம கழுத்தோட ஒட்டி வெட்டினா அதுதான் வழிகாட்டிக் கோடு. மேல வர்ற ஒவ்வொரு அடுக்கும் அதைப் பார்த்தே இறங்கணும். கனமான அடுக்கா எடுத்தா அடியில இருக்கற கோடு தெரியாது, அங்கதான் கோணல் ஆரம்பிக்கும். காது இருக்கற இடத்துல சீப்பை அழுத்தி இழுக்கக் கூடாது. காது முடியை வெளியே தள்ளும், இழுத்து வெட்டிட்டு விட்டா அந்த இடத்துல மட்டும் ஒரு கொத்து மேல ஏறி நிக்கும்.

பிடரியில சுழி இருக்கான்னு யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. இருந்தா ரொம்ப ஒட்ட வெட்டின பாப்ல அந்தப் பக்கம் மட்டும் வெளியே திரும்பிக்கிட்டே இருக்கும். அங்கே ஒரு அங்குலம் கூடுதலா விட்டா எடை இழுத்துப் பிடிக்கும்.

நாடிக்கும் தோளுக்கும் நடுவுலன்னு சொல்றீங்க. தோளை உரசற நீளத்தை மட்டும் தவிர்த்துடுங்க. தோள்ல பட்டு நுனி வெளிப்பக்கம் மடிஞ்சுக்கும், துப்பட்டாவும் பை வாரும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம். தோளுக்கு ஒன்றரை அங்குலம் மேல, இல்லைன்னா ரெண்டு அங்குலம் கீழ.

---

சுருள்_கோட்டூர்புரம்:

மேல சொன்னது சரி, ஒரு இடத்துல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. சுருக்கம் 10க்கு ரெண்டு அங்குலத்துக்கு மேல வந்தா ஈரத்துல கோடே போட வேண்டாம், மொத்தமும் காஞ்ச முடியிலயே வெட்டச் சொல்லணும். ஒரே தலையில முன்பக்கம் லேசாவும் பிடரியில இறுக்கமாவும் சுருளும். ஈரத்துல எல்லாம் ஒரே மட்டமாத் தெரியும், காஞ்சதும் ஒவ்வொண்ணும் ஒரு உயரத்துக்குப் போயிடும்.

அடர்த்தியான நெளி முடியில அடுக்கே இல்லாம ஒரே நீளமா பாப் வெட்டினா முக்கோணம் ஆகும். மேல தட்டை, அடியில விரிஞ்சு கூடாரம். கூடாரத்தைக் குறைக்கறேன்னு உடனே பல் கத்தரியை (சீப்பு மாதிரி பல் வச்ச, அடர்த்தி குறைக்கற கத்தரி) எடுப்பாங்க, அதுதான் ஆபத்து. பல் கத்தரி வேருக்குப் பக்கத்துல போச்சுன்னா உள்ளே ஆயிரம் குட்டை முடி உருவாகும், அதுங்க நெட்டுக்க நின்னு மேல் முடியைத் தூக்கிக்கிட்டு நிக்கும். முதல் வாரம் லேசா சுகமா இருக்கும். ரெண்டு மாசத்துல அந்தக் குட்டை முடி ஒரு அங்குலம் வளர்ந்ததும் முன்னைவிட ரெண்டு மடங்கு பம்முன்னு நிக்கும், அதுவும் ஐப்பசி மழையில. கேக்க வேண்டியது "உள்பக்கம் நீளமான லேயர், மேல் அடுக்கைத் தொடாம". ரேசர் வேண்டாம்னும் சொல்லிடுங்க; நெளி முடியோட நுனியைச் சீவி விடற மாதிரி வெட்டும், நுனி பிரியும்.

காத்துல ஈரம் ஏறினா முடி உப்பறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ட்ரையர், அயர்னிங் எல்லாம் முடிக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தற்காலிகமா மாத்தி வைக்குது. தண்ணி பட்டா அது அவிழ்ந்துடும், காத்துல இருக்கற ஈரமே போதும். கடல் காத்து அடிக்கற ஊர்ல நேரா இழுத்து விட்ட பாப் ஹெல்மெட்டுக்குள்ள அரை மணி நேரம்கூட தாங்காது. அதனால நெளியை நெளியாவே விட்டா எப்படி நிக்குமோ, அதுக்குத்தான் கட்.

போர் தண்ணியில கால்சியம், மக்னீசியம் ஜாஸ்தி. சோப்போட சேர்ந்தா வெள்ளையா திரிஞ்சு முடியில படியும், முடி விறைக்கும், சீப்பு இறங்காது. நீள முடியில எடையே படியவச்சுடும், குட்டையில அந்த விறைப்பு அப்படியே வெளியே தெரியும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஈடிடிஏ (EDTA, கால்சியம் மாதிரி உப்புகளைப் பிடிச்சு வெளியேத்தற பொருள்) இருக்கற ஷாம்பூ, பாட்டில் பின்னாடி பொருள் பட்டியல்ல பாருங்க, மத்த நாள்ல மைல்ட் ஷாம்பூ. கடைசி ரெண்டு மக் மட்டும் மெட்ரோ வாட்டரோ ஆர்ஓ தண்ணியோ ஊத்திக்கலாம். குட்டை முடிக்கு ரெண்டு மக்கே போதும், இது ஒரு நிஜமான லாபம். வினிகர் போடறவங்க ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல போக வேண்டாம். சீயக்காய்த் தூள் நெளிக்குள்ள மாட்டிக்கிட்டு அலசினாலும் போகாது, போடறதா இருந்தா கரைச்சு வடிகட்டின தண்ணியை மட்டும்.

---

முடிதானம்_தகவல்:

தானம் பத்தி மட்டும் சொல்றேன்.

புற்றுநோயாளிகளுக்கு விக் செய்யறவங்க பெரும்பாலும் 12 அங்குலம் கேப்பாங்க, சில இடத்துல 8, 10க்கும் சரின்னுவாங்க. சாயம், ஸ்மூத்தனிங் பண்ணினதை வாங்கறதுல ஆளுக்கு ஒரு விதி. உங்க விஷயத்துல வெட்டப்போற நீளம் முக்கால்வாசி மருந்து போட்டதுதான், அதனால வெட்டறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுடுங்க.

நீளத்தை முன் முடியை வச்சுக் கணக்குப் போடாதீங்க. உங்களுக்கு முன்னாடி 32 இருந்தாலும், பிடரி முடி இடுப்பைத் தொட 16, 17 அங்குலம்தான் இருக்கும். நாடி அளவு பாப்ல பிடரியில 4 அங்குலமாவது மிஞ்சணும். ஆக அங்கே 12 தேறும், அதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது.

மொத்தத்தையும் பின்னாடி ஒரே போனிடெயிலா கட்டி ஒரே வெட்டா வெட்டறதை வீடியோவில பார்த்துட்டு நிறைய பேர் கேக்கறாங்க. அப்படி வெட்டினா முன் முடி பிடரி வரைக்கும் வந்த தூரமும் சேர்ந்து நீளமா நிக்கும், பிடரி முடி மட்டும் ஒட்டக் குட்டையாகிடும். அப்புறம் அதைச் சரி பண்ண நீங்க நினைச்சதை விட ரெண்டு அங்குலம் குட்டைக்குப் போகணும். ஆறு பாகமா பிரிங்க: பிடரியில ரெண்டு, நடுவுல ரெண்டு, காதோரம் பக்கத்துக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணையும் பின்னி, மேல ஒரு ரப்பர் பேண்ட், அடியில ஒண்ணு. மேல் ரப்பர் பேண்டுக்கு அரை அங்குலம் மேல கத்தரி போகணும். சடை கனமா இருந்தா கத்தரி வழுக்கும், ஒரே நசுக்கா நசுக்காம நாலஞ்சு வெட்டா போகலாம்.

எண்ணெய் இல்லாம அலசி, முழுசா காஞ்ச பிறகுதான் வெட்டணும். ஈரத்தோட கவர்ல போட்டா ரெண்டு நாள்ல பூஞ்சணம். தரையில விழுந்ததைக் கூட்டி அள்ளிக் குடுக்கறது உபயோகமில்லை. வேர் எல்லாம் ஒரு பக்கம், நுனி எல்லாம் ஒரு பக்கம் இருந்தாத்தான் விக்ல சிக்கு விழாது. திசை மாறின முடி ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கும்.

---

நங்கநல்லூர்_நளினி:

இதே இழையில கேட்டுக்கறேன். அம்மாவுக்கு 64 வயசு, தோள் வலியால கையைத் தூக்கிப் பின்னிக்க முடியலை. முடி மெலிசு, வகிடு அகலமாகிட்டே போகுது. அவங்களுக்கும் இதே அளவுகள்தானா? வெட்டினா அடர்த்தியா வளரும்னு பக்கத்து வீட்டு மாமி சொல்றாங்க.

---

கத்தரியும்_சீப்பும்:

நளினி, உங்க அம்மாவுக்கு எல்லாமே தலைகீழ். அடர்த்தி முடிக்கு உள் லேயர் வேணும், மெலிசு முடிக்கு லேயரே கூடாது. நாடி மட்டத்துல ஒரே நீளமா, நுனி கத்தரிச்ச மாதிரி நேர்கோடா வெட்டினா நுனிப்பக்கம் கனமாத் தெரியும். லேயர் போட்டா இருக்கற கொஞ்சமும் கரைஞ்சு போன மாதிரி ஆகிடும்.

வெட்டினா அடர்த்தியா வளராது. முடி வளர்ற வேர்ப்பை தோலுக்கு அடியில இருக்கு, நுனியில கத்தரி பட்டது அதுக்குத் தெரியவே தெரியாது. பழைய நுனி தேஞ்சு மெலிஞ்சிருக்கும், அது போனதும் அடி முழுக்க ஒரே கனமாத் தெரியறதைத்தான் மாமி அடர்த்தின்னு சொல்றாங்க. வருஷக்கணக்கா ஒரே இடத்துல வகிடு எடுத்து இறுக்கிக் கொண்டை போட்டிருந்தா வேர் இழுபட்டு அந்தக் கோடு அகலமாகும். குட்டையா வெட்டினதும் அந்த இழுப்பு போயிடும். வகிட்டை ஒரு விரல் தள்ளி எடுக்கப் பழக்குங்க. ரெண்டு மூணு மாசம் ஆகியும் முடி கொத்தா கொட்டிட்டே இருந்தா கத்தரி வேலை இல்லை, தோல் மருத்துவர் கிட்டப் போகணும். தைராய்டு, இரும்புச் சத்து பார்ப்பாங்க.

பேசின்ல தலையைப் பின்னாடி சாய்ச்சு அலசறது வயசானவங்களுக்குக் கழுத்து வலிக்கும். வீட்டுலயே குளிச்சுட்டு வர்றோம்னு சொல்லிடுங்க, ஸ்ப்ரே பாட்டில் தண்ணி போதும்.

---

பழைய_மெட்ராஸ்:

போட்டோ காட்டறதைப் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா ஒவ்வொரு காலத்துலயும் இதே குழப்பம்தான்.

60-கள்ல நெற்றியில முடி வெட்டி விட்டுக்கறதுக்குப் இந்தி நடிகை சாதனா பேர்ல சாதனா கட்னே பேரு. 80-கள்ல இங்கே நதியா கொண்டை, ஸ்டெப் கட். பின்னலை விடாதவங்களுக்கு பார்லர்ல யூ கட், வி கட். யூ கட் பண்ணினா சடை அடி வரைக்கும் ஓரளவு ஒரே கனமா வரும். வி கட்ல கடைசி ஆறு அங்குலம் எலி வால். இது எல்லாமே சடையை வச்சுக்கிட்டே நுனியில செஞ்ச மாற்றங்கள். பாப் அப்படி இல்லை. லண்டன்ல முடி அலங்காரக் கலைஞர் விடால் சசூன் 60-கள்ல கொண்டுவந்த பாப்போட அடிப்படையே, செட் பண்ணாம, ரோலர் போடாம, வெட்டிலேயே வடிவம் நிக்கணும்ங்கறது. அது நேரான முடியில ஜியோமெட்ரி மாதிரி விழும். அந்த வம்சத்துல வந்த படத்தைக் கொண்டுபோய் நெளி முடிக்குக் கேட்டா வெட்டறவங்களுக்கு ரெண்டே வழி: தினமும் ட்ரையர் போடச் சொல்றது, இல்லைன்னா மறுபடி ஸ்மூத்தனிங்குக்குத் தள்றது. உங்க நெளியோட இருக்கற ஆள் படத்தைத் தேடி எடுத்துட்டுப் போங்க, பின்பக்கமும் தெரியற மாதிரி.

பென்சில் கணக்கு ஒண்ணு சொல்வாங்க: நாடிக்கு அடியில பென்சிலைப் படுக்க வச்சு, காது மடலிலிருந்து அது வரைக்கும் ரெண்டே கால் அங்குலத்துக்குள்ள இருந்தா குட்டை பொருந்தும்னு. தாடை வடிவத்துக்கு அது ஓரளவு சரி. முடியோட குணத்தைப் பத்தி அந்தப் பென்சிலுக்கு ஒண்ணும் தெரியாது.

---

மாடவீதி_சவுரி:

தானத்துக்கு வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா முடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சவுரி கட்டித் தர்றவங்க கிட்டக் குடுத்தா உங்க நிறத்துலயே சவுரி ஆகிடும். கல்யாணம், நவராத்திரின்னு பட்டுப் புடவைக்குச் சடை வேணும்ங்கறப்ப கடைச் சவுரி எவ்வளவு நல்லா இருந்தாலும் நிறம் ஒரு மாத்து குறையும். மேல் ரப்பர் பேண்டைக் கழட்டாம அப்படியே கொண்டுபோங்க.

ஆனா சவுரி பிடிக்க ஒரு பிடிமானம் வேணும். பின்னாடி கட்டினா நாலு அங்குலமாவது குட்டிப் போனிடெயில் நிக்கணும். நாடி அளவு பாப்ல பிடரி முடி அதுக்கு எட்டாது. மேல் பாதியை மட்டும் உச்சிக்குக் கொஞ்சம் கீழ கட்டி, கீழ்ப் பாதியை உள்பக்கமா உருட்டி ஸ்லைடு போட்டு, அதுக்கு மேல சவுரி வரணும். கருப்பு நூலால ரெண்டு சுத்து இறுக்கி, நாலு பக்கமும் யு பின். பூ கனமானதா இருந்தா சவுரியில கோக்கணும், சொந்த முடியில தொங்கவிட்டா பின் வழுக்கி இறங்கும். பரதநாட்டியம் ஆடற பொண்ணுங்க குட்டை முடியோட இப்படித்தான் சமாளிக்கறாங்க. சவுரிக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம், அலசினா தலைகீழா தொங்கவிடாம துண்டுல பரப்பிக் காயவைங்க.

---

வேளச்சேரி_வெண்பா:

ரப்பர் பேண்ட் பரிசோதனை பண்ணியாச்சு. 10 போட்டது எட்டரைக்கு வந்திருக்கு. நெற்றியில கொஞ்சம் முடி வெட்டி விட்டுக்கலாமா? எண்ணெய், ஹெல்மெட், எத்தனை நாளைக்கு ஒருமுறை ட்ரிம் எல்லாம் யாராவது சொல்லுங்களேன்.

---

சுருள்_கோட்டூர்புரம்:

எட்டரைன்னா நடுத்தர நெளி. நாடி வரைக்கும் தொங்கணும்னா வகிட்டுலேருந்து ஈரத்துல 12, பன்னெண்டரை அங்குலம் விட்டு நிறுத்தச் சொல்லுங்க, காஞ்சதும் பார்த்துக் குறைக்கலாம். அவ்வளவு விட்டா மேல் அடுக்கு நுனியில அரை அங்குலம் பழைய மருந்து மிஞ்சும், கடைசி வெட்டுலயோ முதல் ட்ரிம்லயோ அதுவும் போயிடும்.

நெற்றி முடி இப்ப வேண்டாம். ஹெல்மெட் வேர்வையில ஈர்க்கு ஈர்க்கா பிரிஞ்சு நெற்றியில ஒட்டும், பங்குனி தொடங்கி கத்திரி முடியற வரைக்கும் தொல்லை. நெளி முடி நெற்றியில இன்னும் ஒரு அங்குலம் சுருங்கும். கண்டிப்பா வேணும்னா கன்னத்து எலும்பு வரைக்கும் நீளமா, பக்கவாட்டுல ஒதுக்கி விடற மாதிரி.

எண்ணெய் குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, ஒண்ணு ரெண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், நுனிக்கும் நடுவுக்கும். குளிச்ச பிறகு தடவினா குட்டை முடி ரெண்டு கொத்தா ஒட்டிக்கும். தலையில சுரக்கற எண்ணெய் நீள முடியில நுனிக்கு வந்து சேர நாள் ஆகும், குட்டையில சீக்கிரம் எட்டிடும், அதனால வாரத்துக்கு ரெண்டு தடவை குளிச்சவங்க மூணு தடவை குளிக்க வேண்டி வரும். ஹெல்மெட்டுக்கு உள்ளே மெல்லிசான பருத்தித் துணி கட்டுங்க, ஈரத்தலையோட மட்டும் போடவே போடாதீங்க, பொடுகுக்கு வழி. துணியை தினமும் துவைக்கணும். ஆபீஸ் போனதும் தலையை முழுசா நனைக்க வேண்டாம். கையை நனைச்சு வேர்ப்பக்கம் ரெண்டு நிமிஷம் கிளறி விட்டா ஹெல்மெட் பள்ளம் எழும்பிடும்.

வேலை இல்லைன்னு சொல்றவங்க பின்னற நேரத்தை மட்டும் கணக்குல எடுக்கறாங்க. காலையில எழுந்தா ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், வாரிக் கட்டி மறைக்க முடியாது.

---

கத்தரியும்_சீப்பும்:

ட்ரிம் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. அதுக்குள்ள ஒரு அங்குலம் வளர்ந்து தோளை நெருங்க ஆரம்பிக்கும். நடுவுல பிடரி ஓரத்தை மட்டும் சுத்தம் பண்ணித் தரச் சொன்னா பத்து நிமிஷ வேலை. பிடிக்கலைன்னு மறுபடி வளர்த்தா நாடியிலேருந்து காலர் எலும்புக்கு எட்டு மாசம், பழைய இடுப்பு நீளத்துக்கு மூணரை வருஷம் தாண்டும். அதைத் தெரிஞ்சுக்கிட்டே உக்காருங்க.

முதல் ட்ரிம் வரைக்கும் கலர், கெரட்டின் எதையும் யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. நாற்காலியில உக்காந்ததும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "காஞ்சதும் நாடி மட்டம் வரணும், உள்பக்கம் நீளமான லேயர், பல் கத்தரியும் ரேசரும் வேண்டாம், காயவச்ச பிறகு கடைசி அளவு."

வெட்டும்போது கால் மேல கால் போட்டு உக்காராதீங்க. இடுப்பு சாய்ஞ்சா தோள் சாயும், பாப் ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கிடும்.